கணிகண்ணன் கதையும் ஆணையின் எல்லையும்

1. தோற்றுவாய்

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லியைக் கடந்து செல்லும் பெருவழியில் திருமழிசை என்னும் ஊர் உள்ளது. பன்னிரு ஆழ்வாருள் ஒருவரான திருமழிசையாழ்வார் பிறந்த ஊர் அது. பூவிருந்தவல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அம்பத்தூரும் ஆவடியும் தொழிற்சாலைகளால் பெயர் பெற்றுள்ள இக்காலத்தில், அவற்றை அடுத்துள்ள இவ்விரண்டு ஊர்களும் தமிழ் இலக்கியத்துள் அரசாணைக்கு எழுந்த மறுப்புகளுள் தலையாய இரண்டனோடு தொடர்புடையன என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஒன்று, பல்லவ மன்னனைப் பாட மறுத்து நாடு கடத்தப்பட்ட கணிகண்ணன் கதை. மற்றொன்று, பல்லவ மன்னனின் அழைப்பை மறுத்த திருநாவுக்கரசர் வரலாறு. முன்னதில் மாணவனோடு உடன் சென்ற ஆசிரியர் திருமழிசையார். பின்னதை விரித்துப் பாடிய புலவர் குன்றத்தூரார்.

இவற்றுள் கணிகண்ணன் கதையையே இக்கட்டுரை சிறப்பாக ஆராய்கிறது. இக்கதை பெரும்பாலும் ஆழ்வாரின் பெருமையை விளக்கும் அற்புதமாகவே எடுத்துரைக்கப்படுகிறது. அரசனது ஆற்றலை அதனினும் பெரிய இறைவனது ஆற்றல் வென்றது என்பதே அவ்விளக்கத்தின் சாரம். முதுகலை வகுப்பில் இதனைச் சொல்லுந்தோறும் மாணவர் ஒருவரேனும் ஒரு வினா எழுப்புவதுண்டு: ‘பெரிய அதிகாரம் சிறிய அதிகாரத்தை வென்றது என்றால், அதிகாரத்துக்கு எல்லை எங்கே வகுக்கப்பட்டது? ஆள்பவர்தானே மாறினார்?’ வினா தகுதியுடையது. கதை அவ்வளவே ஆயின் அது உரிமையின் கதையன்று, வலிமையின் கதையே ஆகும். ஆயினும் கதையின் அமைப்பையும் அதனுள் வரும் இரு வெண்பாக்களின் யாப்புறவையும் ஊன்றி நோக்குவார்க்கு, அது வேறொன்று கூறுவது புலப்படும். அதனை நிறுவுதலும், அக்கதை நிரப்பாது விட்ட குறையைச் சுட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

2. கதையும் அதன் நிலையும்

திருமழிசையார் காஞ்சியின் திருவெஃகாவில் தங்கியிருந்தார். கணிகண்ணன் அவர்தம் மாணவன். அங்கே தொண்டு செய்த முதியவள் ஒருத்தி ஆழ்வாரின் அருளால் இளமை மீண்டாள். அவள் எழிலைக் கண்ட பல்லவ மன்னன் அவளை மணந்தான். ஆண்டுகள் கழிய அவன் மூத்தான், அவள் மூவாதிருந்தாள். காரணம் அறிந்த மன்னன் தனக்கும் அவ்விளமை வேண்டுமென்று விழைந்தான். கணிகண்ணனை வரவழைத்து, அவன் ஆசிரியரை அரண்மனைக்கு அழைத்து வருமாறு கூறினான். ஆசிரியர் எவர் வாயிலுக்கும் வாரார் என்பது விடையாயிற்று. ‘ஆயின், நீ என்னைப் பாடுக’ என்றான் மன்னன். மானிடரைப் பாடேன் என்றான் கணிகண்ணன். ஒரு மரபின்படி அவன் கச்சி நகரையும் அதன் திருப்பதிகளையும் பாடினான். மன்னனை மட்டும் பாடவில்லை. சினந்த மன்னன் அவனை நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தான்.

செய்தி அறிந்த ஆழ்வார் தாமும் புறப்பட்டார். திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமானையும் நாகப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உடன் வருமாறு ஒரு வெண்பாவால் வேண்டினார். பெருமானும் எழுந்து பின்தொடர்ந்தார். நகர் பொலிவிழந்தது. அவர்கள் ஓரிரவு தங்கிய இடமே இன்று ஓரிக்கை எனப்படுகிறது என்பர். பிழையுணர்ந்த மன்னன் அங்கே சென்று பணிந்து வேண்டினான். கணிகண்ணன் இசைந்தான். ஆழ்வார் இரண்டாம் வெண்பாவால் பெருமானை மீளவும் படுக்கை விரிக்கச் சொன்னார். அன்று முதல் அவ்விறைவர்க்குச் ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’ என்பது திருப்பெயராயிற்று. வடமொழியில் ‘யதோக்தகாரி’ என்பர்.

இக்கதையை வரலாறாகக் கொள்வதற்குத் தடைகள் உள. திருமழிசையார் அருளியனவாக நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்துள் இடம் பெறுவன திருச்சந்தவிருத்தம் 120 பாடல்களும், நான்முகன் திருவந்தாதி 96 பாடல்களுமே. மேற்குறித்த இரு வெண்பாக்களும் அவற்றுள் இல்லை. கதை நமக்குக் கிடைப்பது, ஆழ்வார் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட குருபரம்பரை நூல்களின் வாயிலாகவே. திருவெஃகாவில் திருமால் பள்ளிகொண்டிருத்தலைப் பெரும்பாணாற்றுப்படையே குறித்தலால் கோயில் கதையினும் மிகத் தொன்மையானது. கதையின் மன்னனுக்கோ இயற்பெயர் இல்லை. பல்லவராயன் என்னும் குடிப்பெயரே உண்டு. எனவே இக்கதை ஓர் அரசனின் ஆட்சிக் குறிப்பன்று. அரசு என்னும் நிறுவனத்தைப் பற்றித் தமிழ் மக்கள் எண்ணிப் பார்த்த எண்ணம் எனக் கொள்ளுதலே பொருந்தும். மன்னன் பெயரற்றவனாய் இருத்தல் அதற்கு இழுக்கன்று, துணையே ஆகும்.

3. மறுக்கப்பட்டது யாது?

கணிகண்ணன் மன்னனுக்குப் பகைவன் அல்லன். அவனது ஆட்சியை எதிர்க்கவில்லை; வரி கொடாது நிற்கவில்லை; குடிகளைத் தூண்டவுமில்லை. வெளியேறுக என்ற ஆணைக்கும் உடனே கீழ்ப்படிந்தான். அவன் மறுத்தது ஒன்றே, பாடுதல். இவ்வேறுபாடு கதையின் உயிர்நிலை. உடலைப் போகச் சொன்னால் உடல் போகும். நாவைப் பாடச் சொன்னால் நா ஓசை எழுப்பலாம்; அது பாட்டு ஆகாது.

‘இறை’ என்னும் தமிழ்ச்சொல் அரசனையும் குறிக்கும், கடவுளையும் குறிக்கும், குடிகள் செலுத்தும் வரியையும் குறிக்கும். பல்லவனின் பிழையை இச்சொல்லைக் கொண்டே விளக்கலாம். வரியாகிய இறையைப் பெறும் உரிமை அரசனாகிய இறைக்கு உண்டு. கடவுளாகிய இறைக்கு உள்ளம் உவந்து அளிக்கும் பாட்டையும் வரிபோலத் தண்டலாம் என்று அவன் கருதினான். ஒன்றைக் கொள்ளும் உரிமை எல்லாவற்றையும் கொள்ளும் உரிமை ஆகிவிடுவதாக அவன் எண்ணினான். வரம்பிலா அதிகாரம் தோன்றும் இடம் இதுவே.

மானிடரைப் பாடேன் என்பது கணிகண்ணன் அவையில் திடீரெனக் கண்ட விடை அன்று. நான்முகன் திருவந்தாதியில் ஆழ்வாரே இவ்வுறுதியைக் கூறியுள்ளார். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் மூன்றாம் பத்தின் ஒன்பதாம் பதிகம் முழுவதும் இதனையே பொருளாகக் கொண்டது. ‘இது சமய விரதம் அன்றோ? இதனை உரிமை எனல் யாங்ஙனம்?’ என வினவுவார் உளர். தானே தேர்ந்து தன்மேல் இட்டுக்கொண்ட கட்டுப்பாடும், பிறர் இடும் கட்டுப்பாடும் ஒன்றல்ல. முன்னதைக் காத்தற்காகப் பின்னதை மறுத்தலே உரிமையின் இயல்பு.

சங்கப் புலவர்கள் மன்னரை மனமுவந்து பாடினர் என்பது உண்மையே. ஆயினும் பாடாது விடும் உரிமையும் அவர்க்கு இருந்தது. அதனை மன்னரும் அறிந்திருந்தனர். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் புறநானூற்றின் 72-ஆம் பாட்டில் வஞ்சினம் கூறுகிறான். பகைவரை வெல்லேனாயின் மாங்குடி மருதனைத் தலைவராகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாது ஒழிவாராக என்பது அவன் தனக்குத் தானே கூறிக்கொள்ளும் கேடுகளுள் ஒன்று. புலவர் வாய் மூடுதல் தன் கையில் இல்லை என்பதை அப்பாண்டியன் அறிந்திருந்தான். கதையின் பல்லவன் அறியாதது அதுவே. பாட்டைத் தகுதியால் பெற வேண்டும் என்ற நிலை மாறி, ஆணையால் பெறலாம் என்ற நிலை வந்தமை இவ்விருவர்க்கும் இடையே உள்ள தொலைவு.

4. வெளியேறுதல்

அதிகாரம் பொறுக்கலாகாதவிடத்து அதன் எல்லையைக் கடந்து செல்லுதல் புலவர் கைக்கொண்ட வழி. தமிழ் மரபில் இதற்கு மூன்று படிகள் காணலாம்.

முதற்படி ஔவையாருடையது. அதியமான் பரிசில் நீட்டித்தபோது, புறநானூற்று 206-ஆம் பாட்டில் அவர் வாயிற்காவலனை நோக்கிப் பேசுகிறார். கலையறிந்தார்க்கு எத்திசை சென்றாலும் அத்திசையில் உணவு உண்டு என்பது அதன் கருத்து. வேந்தர் மூவரும் வேளிர் பலருமாக நாடு பகுக்கப்பட்டிருந்த காலத்தில் அச்சொல்லுக்கு உலகியல் அடிப்படை இருந்தது. ஒரு வாயில் அடைந்தால் மற்றொரு வாயில் திறக்கும்.

இரண்டாம் படி கம்பருடையது. சோழனோடு மாறுபட்டு வெளியேறியபோது அவர் பாடியதாகச் சார்த்தப்படும் தனிப்பாடல், நாடு முழுதும் சோழனுக்கு உரியதோ என வினவுகிறது. தம்மை ஏற்கும் வேந்தர் வேறு உளர் என்று துணிகிறது. ஔவையாரிடம் இயல்பாக இருந்த உறுதி இங்கு அறைகூவலாக மாறியுள்ளது. பேரரசு விரிந்துவிட்டமையின் வேறு வாயில்கள் குறைந்துவிட்டன. அதனாலேயே குரல் உயர்கிறது.

மூன்றாம் படி கணிகண்ணனுடையது. அவன் வேறு மன்னனை நாடிச் செல்லவில்லை. எம்மன்னனையும் பாடாத ஒருவனுக்கு மாற்று வாயில் என்பதே இல்லை. ஔவையாரும் கம்பரும் ஒரு புரவலரை விட்டு மற்றொரு புரவலரிடம் செல்கின்றனர். அவர்தம் உரிமை அரசர்கள் பலராய் இருத்தலைச் சார்ந்தது. கணிகண்ணன் உரிமையோ அரசன் ஒருவனே ஆயினும் நிலைபெற வேண்டுவது. ஆதலின் கதை அவனை வேறொரு புரவலனிடம் அனுப்பவில்லை. நகருக்குப் பொலிவு தந்த அனைத்தும் அவன் பின் போகுமாறு செய்கிறது. முதலில் ஆசிரியர், பின் இறைவன், பின் நகரின் ஒளி. மன்னனிடம் எஞ்சுவது மதிலும் மாளிகையுமே. ஒருவனை நாடு கடத்தினேன் என்று எண்ணியவன், நாட்டையே கடத்திவிட்டுத் தான் மட்டும் தனித்து நிற்கிறான்.

5. நாவரசரும் கணிகண்ணனும்

திருநாவுக்கரசர் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. மன்னன் அனுப்பிய அமைச்சர்க்கு அவர் இறுத்த விடை ஆறாம் திருமுறையில் மறுமாற்றத் திருத்தாண்டகமாக உள்ளது. சிவனுக்கன்றி வேறு எவர்க்கும் தாம் குடியல்லர் என்பதே அதன் கருத்து. பெரியபுராணத்தில் சேக்கிழார் இதனைத் தொடர்ந்து நீற்றறை, நஞ்சு, யானை, கல்லொடு கடலில் இடுதல் எனக் கொடுமைகளை வரிசைப்படுத்துகிறார். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவரும் அவ்வரசின் அமைச்சரும் ஆகிய சேக்கிழார், அரசனுக்கு அடங்காத ஒருவரின் வரலாற்றை இத்துணை விரிவாகப் பாடினார் என்பது எண்ணி வியத்தற்குரியது.

இரண்டனுக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. வேற்றுமைகளே கருதத்தக்கன. நாவரசர் தன்மைப் பன்மையில் பேசுகிறார். அவருக்குப் பின்னே ஓர் அடியார் கூட்டம் நிற்பது அக்குரலில் கேட்கிறது. கணிகண்ணன் அவையில் நிற்பது தனியொருவனாக. நாவரசர் உடலால் துன்புற்று, அத்துன்பம் தம்மைத் தீண்டாமையால் வெல்கிறார். கணிகண்ணன் உடலைத் தீண்டுவார் இல்லை, இடமே பறிக்கப்படுகிறது.

மூன்றாவது வேற்றுமையே தலையாயது. பெரியபுராணத்தில் மன்னன் மனம் மாறிச் சைவம் சார்கிறான். மாறியபின் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளையும் பாழிகளையும் இடித்து, அவற்றைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் எனச் சேக்கிழார் பாடுகிறார். இம்மன்னனை முதலாம் மகேந்திரவர்மன் எனக் கொள்வர் வரலாற்றாசிரியர். சமயக் கண்கொண்டு நோக்குவார்க்கு இது நிறைவான முடிவாகலாம். அதிகாரத்தின் எல்லை என்னும் நோக்கில் பார்த்தால், எல்லை வகுக்கப்படவில்லை என்றே கூறவேண்டும். முன்னர் ஒருபுறம் பாய்ந்த ஆணை இப்போது மறுபுறம் பாய்கிறது. அதன் வரம்பின்மை அப்படியே உள்ளது. கணிகண்ணன் கதையின் மன்னனோ மனம் மாறியபின் எவரையும் ஒறுக்கவில்லை, எதனையும் இடிக்கவில்லை. தான் இட்ட ஆணையை மீட்டுக்கொள்கிறான், அவ்வளவே. அருளும் அற்புதமும் மிக்க நாவரசர் வரலாற்றினும், சிறிய இக்கதை அதிகாரத்தைப் பற்றி ஆழமாக எண்ணியுள்ளது என்று கூறத் துணிவது இக்காரணத்தாலேயே.

6. சொன்னவண்ணம் செய்தவர்

இனி, இரு வெண்பாக்களின் அமைப்பை நோக்குவோம். இரண்டும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. விளிக்கப்படும் இறைவனும் ஊரும் ஒன்றே. முதற்பாட்டில் கணிகண்ணன் போதலும், புலவர் செல்லுதலும், பாய் சுருட்டுதலும் கூறப்படுகின்றன. இரண்டாம் பாட்டில் அவ்வினைகள் மட்டும் எதிராகத் திரும்புகின்றன. ஏனைய பெரும்பாலும் அவ்வாறே நிற்கின்றன. இட்ட சொல்லை இட்ட அளவாலேயே மீட்டல் இவ்விரட்டை அமைப்பின் நோக்கம். ஆணையிடும் ஆற்றல் எவர்க்கும் கைவரலாம். ஆணையைத் திரும்பப் பெறும் ஆற்றலே அரிது. வெண்பாவின் யாப்பு அதனைச் செய்து காட்டுகிறது. மன்னனும் அதனையே கற்க வேண்டியிருந்தது.

மேலும், முதற்பாட்டில் ஆழ்வார் தம்மை யோகியென்றோ சித்தரென்றோ கூறாமல், நாவின் செம்மையையுடைய புலவர் என்றே குறிக்கிறார். இறைவனை எழச் செய்வது தவத்தின் வலிமை அன்று, சொல்லின் செம்மை என்பது இதனால் பெறப்படும்.

திருப்பெயரை நோக்கின் கதையின் கருத்து முற்றும் விளங்கும். சொன்னவண்ணம் பிறரைச் செய்விப்பவன் மன்னன். பிறர் சொன்னவண்ணம் செய்தவர் பெருமாள். எல்லாம் வல்லவராகிய இறைவர் இக்கதையில் மன்னனைத் தண்டிக்கவில்லை. மின்னலோ இடியோ விடுக்கவில்லை. தம் அடியவனின் சொல்லைக் கேட்டு எழுகிறார். மீண்டும் கேட்டுக் கிடக்கிறார். பேராற்றலின் அடையாளம் ஆணையிடுதல் அன்று, செவிசாய்த்தல் என்பதே கதை நிறுவும் கருத்து. வகுப்பறை வினாவுக்கு விடை இதுவே. பெரிய அதிகாரம் சிறிய அதிகாரத்தை வென்றதன்று. கேட்கும் ஆற்றல் கேளாத ஆற்றலை வெறுமையாக்கிற்று. செவிக்குக் கசப்பான சொல்லையும் பொறுக்கும் பண்புடைய வேந்தனை வள்ளுவர் இறைமாட்சியில் போற்றியதும் இந்நெறி பற்றியே.

இஃது இக்கதையில் மட்டும் காணும் நெறி அன்று. குடந்தையில் கிடந்த பெருமான் ஆழ்வார் வேண்டுகோளுக்கு இசைந்து சற்றே எழுந்தார் என்பது திருச்சந்தவிருத்தப் பாடலொன்றை ஒட்டிய வழக்கு. பூவிருந்தவல்லியில் தோன்றிய திருக்கச்சி நம்பி காஞ்சி வரதருக்கு ஆலவட்டத் தொண்டு செய்தவர். அவரோடு வரதர் உரையாடினார் என்றும், இராமானுசரின் ஐயங்களுக்கு ஆறு வார்த்தைகளால் விடை கூறினார் என்றும் வைணவ மரபு கூறும். நம்பி அந்தணர் அல்லர். திருமழிசையாரும் தாம் நான்கு குலத்துள் ஒன்றிலும் பிறந்திலர் என்று திருச்சந்தவிருத்தத்தில் பாடியவர். கேட்கும் இறைவன் யாருடைய சொல்லைக் கேட்டான் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

‘ஆயின், இறைவனையே ஏவும் ஆழ்வார் வரம்பிலா அதிகாரம் உடையவர் ஆகாரோ?’ எனின், ஆகார். பெரும்புலியூர் நிகழ்ச்சி இதற்குச் சான்று. அவர் வரக் கண்டு வேதம் ஓதுவதை நிறுத்திய அந்தணர், பின்னர் விட்ட இடம் தெரியாது மயங்கினர். ஆழ்வார் கறுப்பு நெல் ஒன்றை நகத்தால் பிளந்து காட்டி இடத்தை நினைவூட்டினார் என்பது வரலாறு. அவமதித்தவரை வெல்லும் வாய்ப்பு இருந்தும் அவர் வாய் திறக்கவில்லை. அவர்கட்கு வேண்டியதை மட்டும் அளித்தார். ஆற்றலைப் பயன்படுத்துதலில் இத்தகைய அடக்கம் உடையவர் என்பதாலேயே, மன்னன் வேண்டியவுடன் இரண்டாம் வெண்பா பிறக்கிறது.

7. கதையின் குறை

இத்துணைச் சிறப்புடைய கதைக்கும் ஒரு குறை உண்டு. மன்னன் தன் ஆணை தவறென்று உணர்ந்தது எப்போது? நகர் ஒளியிழந்தபோது. கணிகண்ணனுக்கு இழைத்த அநீதி அவனை வருத்தவில்லை. தனக்கு நேர்ந்த இழப்பே வருத்திற்று. திருமழிசையார் போன்ற ஆசிரியர் ஒருவர் இல்லாதிருந்தால், இறைவன் பாயைச் சுருட்டாதிருந்தால், கணிகண்ணன் தனியே நடந்து போயிருப்பான். காஞ்சி வழக்கம்போல் ஒளியோடு இருந்திருக்கும். அற்புதத்தின் துணையின்றி நிற்கும் தனியொருவனுக்குக் கதையில் காப்பு இல்லை. கோவூர்கிழார் புறநானூற்று 46, 47-ஆம் பாட்டுகளால் உயிர்களைக் காத்தார் எனினும், அங்கும் காப்பு ஒரு புலவரின் நாவன்மையையும் மன்னன் மனத்தையும் பொறுத்ததாகவே இருந்தது. பண்டை இலக்கியம் அதிகாரத்தின் எல்லையைத் தெளிவாகக் கண்டது. அவ்வெல்லையைக் காக்கும் வேலியை அமைக்கவில்லை.

அவ்வேலியை அமைத்தல் சட்டத்தின் பணியாயிற்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு பேச்சுரிமையையும், நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையையும் ஒருங்கே கூறுகிறது. அவ்வுரிமைகளுக்கும் சட்டம் நியாயமான வரம்புகளை விதிக்கலாம். ஆள்பவர் சினம் விதித்தல் இயலாது. நாவும் இடமும், கணிகண்ணனிடம் மன்னன் பறிக்க முனைந்த அவ்விரண்டுமே, ஓர் உறுப்பினுள் அடங்கியமை நம் கருத்தை ஈர்ப்பது.

ஏட்டுச் சட்டம் உயிர்பெற்ற நிகழ்ச்சியும் உண்டு. 1985-இல் கேரளத்தில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், நாட்டுப்பண் பாடப்பெறும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர். தம் சமய நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளியிலிருந்து விலக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டு 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பாட வேண்டுமென்று கட்டாயப்படுத்தும் சட்டம் ஏதும் இல்லை என்றும், எழுந்து நிற்பார் பாடாமை அவமதிப்பு ஆகாது என்றும் கூறி, அவர்களை மீண்டும் சேர்க்கப் பணித்தது. பாடு என்ற ஆணை, பாடேன் என்ற மறுப்பு, வெளியேறு என்ற தண்டனை, மீண்டு வருக என்ற அழைப்பு என நான்கு நிலைகளும் கணிகண்ணன் கதையில் உள்ளனவே. வேற்றுமை ஒன்றே. இப்பிள்ளைகளின் பொருட்டு எந்த நகரும் இருளவில்லை. இருள வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கணிகண்ணன் கதை, அரசின் ஆணை உடலளவில் செல்லும், உவந்து அளிக்கும் சொல்லளவில் செல்லாது என எல்லை வகுக்கிறது. அவ்வெல்லையைக் கடக்க முயலும் அரசு பிறரை வெளியேற்றித் தானே வறிதாகும் எனக் காட்டுகிறது. பேராற்றல் என்பது செவிசாய்த்தலும், இட்ட ஆணையை மீட்டலும் என நிறுவுகிறது. ஆயினும் துணையற்ற தனியொருவனைக் காக்கும் வழியை அது அற்புதத்திடம் ஒப்படைத்துவிடுகிறது.

திருவெஃகாவில் பெருமான் கிடக்கும் கிடை, ஏனைய கோயில்களில் காணும் கிடைக்கு மாறானது. எழுந்து சென்று மீண்டதன் அடையாளமாக அவர் இடம்வலம் மாறிக் கிடக்கிறார் என்பர். மன்னன் மன்னிப்புப் பெற்றான். நகரும் பொலிவு பெற்றது. எனினும் அனைத்தும் முன்போலவே ஆகிவிடவில்லை. ஒரு தனி மனிதனின் நாவை வற்புறுத்திய நாளின் சுவடு அத்திருமேனியில் இன்றளவும் உள்ளது. கதையை அமைத்தோர் அதனை மறைக்க நினைக்கவில்லை. வழிபடுவார் அனைவரும் காணும் இடத்தில் வைத்தனர். பிறரை ஆளும் பொறுப்பில் அமர்வோர் ஒருமுறையேனும் சென்று காணத்தக்க கிடை அது.